வாசலில் நடுங்கும் கூட்டம்: மூன்று விதிகள் மனிதர்களுக்குப் போதுமா?

சட்டகம் (கேள்வி)

வணக்கம். ஒரு குறும்படத்துக்காக, பெரிய அரங்கம் ஒன்றிலிருந்து மக்கள் ஒரே வாசல் வழியாகத் திறந்த சதுக்கத்துக்கு வெளியேறும் காட்சியை பிளெண்டர் என்ற முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளில் உருவாக்கி வருகிறேன். வாசலின் அகலம் 2 மீட்டர்; அரங்கத்தினுள் 400 ஏஜென்ட்கள், அதாவது நிரல் நகர்த்தும் மனித உருவங்கள். ஆயத்தமான கூட்ட மென்பொருள் எதையும் வாங்காமல், பைத்தானில் நானே எழுதிய சிறு நிரலைக் கொண்டே ஒவ்வொருவரையும் நகர்த்துகிறேன். பறவைக் கூட்டத்தைப் போல உருவங்களை நகர்த்தும் பாய்ட்ஸ் முறையின் மூன்று விதிகளான விலகல் (மிக நெருங்கியவரை விட்டு ஒதுங்குதல்), திசை ஒத்திசைவு (அருகிலிருப்பவர் போகும் திசையில் போதல்), ஒன்றுசேர்தல் (கூட்டத்தின் நடுவை நாடுதல்) ஆகியவற்றுடன், வாசலின் நடுப்புள்ளியை நோக்கி இழுக்கும் நான்காவது விசை ஒன்றையும் சேர்த்து, நான்குக்கும் தனித்தனி எடை கொடுத்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையையே முடுக்கமாக எடுத்துக்கொள்கிறேன்.

சதுக்கத்தில் நடப்பவர்கள் மனிதர்களைப் போலன்றி மீன் கூட்டத்தைப் போல வளைந்து வளைந்து செல்கிறார்கள். வாசலருகே நிலைமை இன்னும் மோசம்: நிலைச்சட்டத்தை ஒட்டி நிற்கும் ஒருவரை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு ஃபிரேமில் வாசலைப் பார்க்கிறார், அடுத்ததில் சுவரைப் பார்க்கிறார், அதற்கடுத்ததில் தமக்குப் பின்னால் இருப்பவரைப் பார்க்கிறார், உடல் இருந்த இடத்திலேயே அதிர்கிறது. விலகல் விதியின் எடையைக் கூட்டினால் அதிர்வும் கூடுகிறது. குறைத்தால் ஒருவருள் ஒருவர் புகுந்துவிடுகிறார்கள். விலகல் விசையை முதலில் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் வைத்திருந்தேன். பிறகு, நடந்து செல்வோரின் நகர்வை விசைகளாகக் கணக்கிடும் சோஷியல் ஃபோர்ஸ் மாதிரியில் வருவது போன்ற அடுக்குக்குறிச் சார்பாக மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை. சதுக்கத்தில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கமாக விலகி, மீண்டும் ஒரே பக்கமாக விலகி, கடைசிவரை வழிவிட முடியாமல் தவிப்பதும் உண்டு.

காட்சியின் நீளம் 30 விநாடி. அதற்குள் பாதிப் பேராவது வெளியே வந்தாக வேண்டும் என்பதால், விரும்பும் வேகத்தை விநாடிக்கு 3 மீட்டராக வைத்திருக்கிறேன். முதல் ஷாட் மேலிருந்து. அடுத்தது கண்மட்டத்தில், வாசலுக்கு வெளியே நின்று பார்ப்பது. எடைகளைப் பொறுமையாகச் சரிசெய்துகொண்டே போனால் இது சீராகுமா, அல்லது விதிகளே இந்தக் காட்சிக்குப் பொருந்தாதவையா என்பதை அறிய விரும்புகிறேன்.

---

விசைக்கோடு

எடைகளைத் திருகிச் சரியாகும் சிக்கல் இதுவன்று. பாய்ட்ஸ் முறையை விளக்கி கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987-ஆம் ஆண்டு சிக்கிராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் முன்வைத்த கட்டுரை, அதன் தலைப்பிலேயே பறவைக் கூட்டம், மந்தை, மீன் திரள் என்று தன் எல்லையைச் சொல்லிவிடுகிறது. அந்த உயிர்களுக்குச் சேர்ந்திருப்பதே குறிக்கோள். அரங்கத்தை விட்டு வெளியேறும் மனிதருக்கு அப்படியொரு குறிக்கோள் இல்லை. அவருக்குத் தம் வீடோ வாகனமோ போய்ச்சேர வேண்டிய இடமாக இருக்கிறது, சுற்றியிருப்பவர்கள் அவருக்குப் பெரும்பாலும் இடையூறுகள் மட்டுமே. திசை ஒத்திசைவும் ஒன்றுசேர்தலும் சேர்ந்துதான் உங்கள் சதுக்கத்தில் அந்த மீன் வளைவை உண்டாக்குகின்றன. ஒருவர் சற்றுத் திரும்பினால் அருகிலிருப்பவர் அதைப் பின்பற்றுகிறார், அவரை அடுத்தவர் பின்பற்றுகிறார், அலை போல அந்தத் திருப்பம் கூட்டம் முழுவதும் பரவுகிறது. பறவைகளுக்கு அழகாக இருக்கும் அதே பரவல், மனிதர்களிடம் வரும்போது பார்ப்பவருக்கு உடனே உறுத்துகிறது.

ஆகவே, ஒன்றுசேர்தல் விதியைப் பொதுவாக எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள். குடும்பமாகவோ நண்பர்களாகவோ சேர்ந்து வரும் இருவர், மூவர், நால்வர் அடங்கிய சிறு குழுக்களுக்கு மட்டும், அதுவும் அவர்களுக்கிடையே மட்டும், அதை வைத்துக்கொள்ளலாம். திசை ஒத்திசைவையும் நீக்கிவிடலாம். நெரிசலில் முன்னால் செல்பவரின் போக்கை ஒட்டி நடப்பது மனிதரிடம் உண்டு என்றாலும், அதற்குத் தனி விதி தேவைப்படுவதில்லை. எல்லோரும் ஒரே வாசலை நாடுவதாலும் மோதாமல் இருக்க முயல்வதாலும் அது தானாகவே அமைந்துவிடும்.

எடை போட்டுக் கூட்டும் முறையைப் பற்றியும் ஒரு சொல். இம்முறையின் குறையை ரெனால்ட்ஸ் அதே கட்டுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறார்: கட்டம் கட்டமாகத் தெருக்கள் அமைந்த நகரில், உயரமான கட்டடங்களுக்கு நடுவே பறக்கும்போது, வடக்கே போவதும் சரியான முடிவாக இருக்கலாம், கிழக்கே போவதும் சரியான முடிவாக இருக்கலாம், இரண்டையும் கூட்டி வடகிழக்கே போனால் கட்டடத்தில்தான் மோத வேண்டும். அதற்கு அவர் கையாண்ட வழி, விதிகளை முன்னுரிமை வரிசையில் நிறுத்துவது. ஒரு ஏஜென்ட்டால் ஒரு காலப்படியில் (ஒரு முறை கணக்கிடும் சிறு நேரத்துண்டில்) செலுத்தக்கூடிய முடுக்கத்துக்கு உச்சவரம்பு வைத்து, முதலில் மோதல் தவிர்ப்பு கேட்பதைக் கொடுத்து, மீதமிருந்தால் அடுத்த விதிக்கு, அதிலும் மீதமிருந்தால் அதற்கடுத்ததற்கு என்று பகிர்ந்தளித்து, வரம்பு தீர்ந்ததும் நிறுத்திவிடுவது. வாசல் நிலைச்சட்டத்தை ஒட்டி நிற்கும் உங்கள் ஆளிடம், சுவர் ஒருபுறம் தள்ள, பின்னால் இருப்பவர் இன்னொருபுறம் தள்ள, வாசல் மூன்றாவது புறம் இழுக்க, மூன்றும் ஏறக்குறைய ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, மிஞ்சும் துளி விசைதான் ஃபிரேமுக்கு ஃபிரேம் அவரைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. முன்னுரிமை முறை அதில் கணிசமான பகுதியைத் தீர்க்கும்.

---

காலப்படி

விசைக்கோடு அவர்கள் விதிகளைப் பற்றிக் கூறியதை ஏற்கிறேன். ஆனால் அந்த அதிர்வின் வேர் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. விதிகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்த இரண்டையும் கவனிக்காவிட்டால் அது போகாது.

முதலாவது காலப்படி. நீங்கள் ஃபிரேமுக்கு ஒரு முறை, அதாவது விநாடிக்கு 24 முறை, விசைகளைக் கணக்கிடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஹெல்பிங், ஃபார்க்காஸ், விச்செக் ஆகிய மூவரும் 2000-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்ட மாதிரியில், விலக்கு விசை எவ்வளவு தூரத்தில் தேய்கிறது என்பதைக் குறிக்கும் அளவுரு 0.08 மீட்டர், அதாவது 8 சென்டிமீட்டர். இயல்பாக நடப்பவர் விநாடிக்கு ஏறத்தாழ 1.34 மீட்டர் செல்கிறார். ஒரு ஃபிரேமில் அது 5.6 சென்டிமீட்டர். நிற்கும் ஒருவரை நோக்கி அவ்வளவு நெருங்கினாலே விசை இரு மடங்காகிவிடுகிறது. நீங்கள் வைத்திருக்கும் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஒரு ஃபிரேமுக்கு 12.5 சென்டிமீட்டர், விசை ஒரே தாவலில் ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. போன ஃபிரேமில் எந்தத் தயக்கமும் இல்லாமல் முன்னேறியவர், இந்த ஃபிரேமில் பலமாகப் பின்னால் எறியப்பட்டு, அடுத்த ஃபிரேமில் விசையே இல்லாத தொலைவில் நின்று, மறுபடி முன்னேறுகிறார். திரையில் அதிர்வாகத் தெரிவது இந்தச் சுழற்சிதான். ஒவ்வொரு ஃபிரேமையும் எட்டு அல்லது பத்து உட்படிகளாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். முதலில் திசைவேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய திசைவேகத்தைக் கொண்டு இடத்தைப் புதுப்பியுங்கள்; வரிசை மாறினால் நிலைத்தன்மை குறையும். அண்டையரைத் தேடும் ஆரத்தின் விளிம்பில் விசை சட்டென்று அறுபடாமல், சுழியத்தை நோக்கி மெல்லத் தேய்ந்து முடியவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே வரும்போதும் போகும்போதும் ஒரு சிறு உதறல் தோன்றும்.

இரண்டாவது, முகம் பார்க்கும் திசை. திசைவேக வெக்டரிலிருந்தே அதை நேராக எடுக்கிறீர்கள் போலும். வேகம் விநாடிக்கு ஒரு மீட்டராக இருக்கும்போது அது சரியாகத்தான் இருக்கும். வேகம் சில மில்லிமீட்டராகச் சுருங்கும்போது அந்த வெக்டரின் திசைக்குப் பொருளே இல்லை. அது வெறும் இரைச்சல். ஆகவே முகத்திசையை ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் தனி மாறியாக வைத்துக்கொண்டு, விநாடிக்கு இத்தனை டிகிரிக்கு மேல் திரும்பக் கூடாது என்ற வரம்பு கொடுங்கள். வேகம் ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டால் திசைவேகத்தைப் பார்க்கவே வேண்டாம். போக வேண்டிய இலக்கை நோக்கியே முகம் இருக்கட்டும். உடல் இரண்டு சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளப்பட்டாலும் முகம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால், அதைப் பார்ப்பவர் நெரிசல் என்று எடுத்துக்கொள்வார், பிழையென்று எண்ண மாட்டார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 30 விநாடியில் பாதிப் பேர் வெளியேற வேண்டும் என்ற உங்கள் நிபந்தனை எனக்கு உறுத்துகிறது. தீப்பாதுகாப்புக் கணக்குகளில், வாசலின் ஒரு மீட்டர் அகலத்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ 1.3 பேர் என்பதை உச்சப் பாய்வாகக் கொள்வது வழக்கம். உங்கள் 2 மீட்டர் வாசலில் அது விநாடிக்கு 2.6 பேர்; 30 விநாடியில் 78 பேர். நீங்கள் கேட்பதோ 200 பேர். இயலாத ஒன்றைக் கேட்கும்போது, அது எந்த விதித்தொகுப்பாக இருந்தாலும், விசைகள் ஒன்றோடொன்று முட்டி வீங்கத்தான் செய்யும். விரும்பும் வேகத்தைக் கூட்டுவதும் எதிர்மாறான பலனையே தரும். மேற்சொன்ன நேச்சர் ஆய்வு பரவலாக அறியப்பட்டதற்குக் காரணமே அதுதான்: ஒவ்வொருவரும் வேகமாக வெளியேற முயலும்போது வாசலை மையமாகக் கொண்டு வளைவான அடைப்பு உருவாகி, உடல்களுக்கிடையே உராய்வு கூடி, கூட்டம் முழுவதும் வெளியேற ஆகும் நேரம் அதிகரிக்கிறது. உங்கள் சிமுலேஷன் ஒருவகையில் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. வாசலை 5 மீட்டர் அகலமாக்குங்கள், அல்லது ஷாட் தொடங்கும் முன்பே சதுக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் நடந்துகொண்டிருக்கட்டும். வேகத்தை மட்டும் 1.34-ஐச் சராசரியாகவும் 0.26-ஐத் திட்டவிலக்கமாகவும் கொண்ட பரவலிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுத்துக் கொடுங்கள். ஹெல்பிங்கும் மோல்னாரும் 1995-இல் சோஷியல் ஃபோர்ஸ் மாதிரியை முன்வைத்தபோது கையாண்ட எண்கள் அவை.

---

எதிர்த்திசை

எதிரெதிரே வந்து தவிக்கும் அந்த இருவரைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

தூரத்தை மட்டும் அளந்து செயல்படும் எந்த விதிக்கும் ஒரு குருட்டுத்தன்மை உண்டு. தோளோடு தோள் சேர்ந்து ஒரே திசையில் நடக்கும் இருவருக்கிடையே அரை மீட்டர்கூட இருக்காது. ஆயினும் அவர்கள் ஒருவரையொருவர் தவிர்க்க வேண்டிய தேவை இல்லை. நேருக்கு நேர் வரும் இருவருக்கிடையே ஆறு மீட்டர் இருக்கலாம். ஆயினும் இரண்டே கால் விநாடிக்குள் அவர்கள் முட்டிக்கொள்வார்கள், ஆகவே இப்போதே ஒதுங்கத் தொடங்குகிறார்கள். மனிதர் அளப்பது இடைவெளியை அன்று, மோதலுக்கு மிச்சமிருக்கும் நேரத்தை. காரமுசாஸ், ஸ்கின்னர், கை ஆகியோர் 2014-இல், நடந்து செல்வோரின் உண்மையான பாதைப் பதிவுகளை ஆராய்ந்து, இருவருக்கிடையேயான இடைவினையின் ஆற்றல் மோதலுக்கு மிச்சமிருக்கும் நேரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதாகக் காட்டினார்கள். இதை நிரலாக எழுதுவது கடினமில்லை. இருவரும் தற்போதைய திசைவேகத்திலேயே சென்றால் எப்போது இரு வட்டங்களும் தொடும் என்பது ஓர் இருபடிச் சமன்பாடு. தீர்வு இல்லையென்றாலோ எதிர்மறையென்றாலோ அந்த ஆளைப் பொருட்படுத்தத் தேவையில்லை. தீர்வு இருந்தால், தொடும் அந்தக் கணத்தில் இருவரும் நிற்கப்போகும் இடங்களை இணைக்கும் கோட்டின் வழியே விலக்கு விசையைக் கொடுங்கள். இப்போது நிற்கும் இடங்களை இணைக்கும் கோட்டில் கொடுத்தால், ஒதுங்க வேண்டியவர் பின்வாங்கத் தொடங்கிவிடுவார்.

இதைச் செய்தாலும் ஒரே பக்கம் விலகும் சிக்கல் சில இடங்களில் எஞ்சும். இரண்டு ஏஜென்ட்களும் மற்றவர் நேராகவே வருவார் என்று எண்ணி, தவிர்க்கும் பொறுப்பு முழுவதையும் தாமே ஏற்று விலகுகின்றன; அடுத்த படியில் பாதை திறந்திருப்பதைக் கண்டு இரண்டும் நேர்ப்பாதைக்குத் திரும்புகின்றன; மீண்டும் மோதல் தெரிகிறது. இந்த ஊசலாட்டத்தை நீக்கத்தான் வான் டென் பெர்க், லின், மனோச்சா ஆகிய மூவரும் 2008-இல் ஆர்விஓ என்ற மோதல் தவிர்ப்பு முறையை முன்வைத்தார்கள். அதில், எதிரே வருபவரும் பாதி விலகுவார் என்று கொண்டு, இருவரும் தத்தம் பாதிப் பங்கை மட்டும் விலகுகிறார்கள். அதன் வழிவந்த ஓர்க்கா முறை, ஒவ்வொரு அண்டையருக்கும் அனுமதிக்கப்பட்ட திசைவேகங்களை ஓர் அரைத்தளமாக வரைந்து, எல்லா அரைத்தளங்களுக்கும் பொதுவான பகுதியில் விரும்பும் திசைவேகத்துக்கு மிக அருகிலுள்ள புள்ளியைத் தேர்கிறது. அதற்கான நூலகத்தை வட கரோலினா பல்கலைக்கழகக் குழுவினர் மூலநிரலோடு வெளியிட்டிருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் படத்துக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். அது மோதலைத் தவிர்ப்பதில் மிகத் திறமையானது. அந்தத் திறமையே திரையில் மனிதத்தன்மையைக் கெடுக்கிறது. ஏஜென்ட்கள் ஒருவரையொருவர் மயிரிழையில் உரசாமல் வழுக்கிச் செல்வார்கள், தேவைப்பட்டால் முகத்தைத் திருப்பாமலே பக்கவாட்டில் நகர்வார்கள். மோதல் நேர விதியோடு, ஒவ்வொருவருக்கும் விலகுவதற்கு விருப்பமான ஒரு பக்கத்தை மெல்லிய சாய்வாகக் கொடுத்தாலே போதும். முற்றிலும் நேருக்கு நேர் வரும்போது விலக்கு விசைக்குப் பக்கவாட்டுக் கூறே இருக்காது என்பதால், அந்தச் சமச்சீரை உடைக்க ஏதேனும் ஒன்று தேவை. இந்தச் சாய்வு அதைச் செய்துவிடும்.

---

கால்தடம்

மேலே கூறப்பட்டவை அனைத்தும் பாதையைப் பற்றியவை. நான் அனிமேஷன் பக்கத்திலிருந்து வருபவன் என்பதால் ஒரு மாற்றுக்கருத்தை வைக்கிறேன்: கண்மட்ட ஷாட்டில் பார்வையாளர் பாதையைக் காண்பதே இல்லை; அவர் காண்பது கால்களை. மேலிருந்து எடுக்கும் ஷாட்டில் பாதைகள் அழகாக இருந்து, கண்மட்டத்துக்கு இறங்கியவுடன் எல்லாம் பொய்யாகத் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் தரையில் வழுக்கும் பாதங்களாகவே இருக்கும்.

ஒரு நடைச்சுழற்சி (திரும்பத் திரும்ப ஓட்டப்படும் நடை அசைவு) எந்த வேகத்துக்காக அசைவூட்டப்பட்டதோ அந்த வேகத்தில்தான் பாதம் தரையில் ஊன்றி நிற்கும். ஏஜென்ட்டின் வேகம் மாறும்போது சுழற்சியின் ஓட்டத்தையும் அதே விகிதத்தில் மாற்றலாம். ஆனால் அது கொஞ்ச தூரம்தான் தாங்கும். விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் எந்த மனிதரும் மெதுவாக நடப்பதில்லை. அவர் நிற்கிறார், எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுகிறார், முன்னால் இடம் கிடைத்ததும் ஓர் அடி எடுத்து வைக்கிறார், மீண்டும் நிற்கிறார். ஆகவே நிற்றல், ஓர் அடி நகர்தல், நடத்தல் என்று குறைந்தது மூன்று நிலைகளை வைத்து, வேகம் ஒரு வரம்பைக் கடந்து சிறிது நேரம் அங்கேயே இருந்தால் மட்டுமே நிலை மாறட்டும். மேலே போகும் வரம்பும் கீழே வரும் வரம்பும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒன்றாக இருந்தால் அந்த எல்லைக்கோட்டிலேயே மாறி மாறித் துள்ளுவார்கள்.

திரைப்படத் துறையில் இந்த முறைகள் வந்த வழியும் இதையே காட்டுகிறது. 1992-இல் வெளிவந்த பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்தில் வௌவால்களுக்கும் பென்குவின்களுக்கும் பாய்ட்ஸ் வழிவந்த முறை போதுமானதாக இருந்தது. தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படங்களின் போர்க்களத்துக்காக ஸ்டீஃபன் ரெகலஸ் உருவாக்கிய மாசிவ் மென்பொருளில், ஒவ்வொரு ஏஜென்ட்டும் தன் சூழலைக் கண்டு, ஆம், இல்லை என்று மட்டும் பாராமல் எந்த அளவுக்கு என்று பார்க்கும் ஃபஸி லாஜிக் விதிகளின் வழியே, அசைவுப் பதிவுகளின் தொகுப்பிலிருந்து அடுத்து எந்த அசைவைச் செய்வது என்று தேர்ந்தெடுக்கும். எங்கே போவது என்பதையும் எந்த அசைவோடு போவது என்பதையும் அது தனித்தனியே பிரிக்கவில்லை. உங்கள் நிரல் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் புள்ளியை நகர்த்திவிட்டு அதன் மேல் ஓர் உருவத்தை ஒட்டுவது கண்மட்டத்தில் செல்லாது என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

கேமராவுக்கு மிக அருகில் வரும் பத்துப் பன்னிரண்டு பேரைச் சிமுலேஷனிலிருந்து எடுத்துவிட்டுக் கையால் அசைவூட்டுங்கள். மற்றவர்கள் அவர்களை நகரும் தடைகளாக மட்டும் கருதி விலகிக்கொள்ளட்டும். மீதிப் பேருக்கு நடைச்சுழற்சியின் தொடக்கக் கட்டத்தைச் சிதறடித்து, உயரத்தையும் எட்டின் நீளத்தையும் சற்று மாற்றிக் கொடுங்கள். இருவர் ஒரே கணத்தில் இடது காலை ஊன்றினால் கண் அதை வியப்பூட்டும் வேகத்தில் பிடித்துவிடும்.

---

சட்டகம்

அனைவருக்கும் நன்றி. ஒன்றுசேர்தலையும் திசை ஒத்திசைவையும் நீக்கி, எட்டு உட்படிகள் வைத்து, முகத்திசையைத் தனியாகப் பிரித்ததும் அந்த நடுக்கம் மறைந்துவிட்டது. வாசலை 5 மீட்டராக்கியதும் இயக்குநருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இப்போது வேறு இரண்டு சிக்கல்கள். நெரிசலின் பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் இடமே இல்லாதபோதும் முன்னவரின் முதுகில் சாய்ந்தபடி நடந்துகொண்டே இருக்கிறார்கள். மேலும், வாசல் அவ்வளவு அகலமாக இருந்தும் எல்லோரும் அதன் நடுவில் ஒரு கோடாக நெருங்கிச் செல்கிறார்கள். இருபுறமும் வெறுமையாகக் கிடக்கிறது. உட்படிகளால் நிரலும் மிக மெதுவாகிவிட்டது.

---

விசைக்கோடு

முதல் சிக்கலுக்கு விடை, ரெனால்ட்ஸ் 1999-இல் எழுதிய ஸ்டீயரிங் பிஹேவியர்ஸ் கட்டுரையிலேயே, ஏறக்குறைய உங்கள் காட்சியாகவே இருக்கிறது. வாசலில் வரிசைகட்டுதலை அவர் அங்கே ஒரு கூட்டு நடத்தையாக விவரிக்கிறார்: வாசலை நாடுதல், சுவரைத் தவிர்த்தல், ஒருவரையொருவர் விட்டு விலகுதல் ஆகியவற்றோடு, தமக்குச் சற்று முன்னால் யாரேனும் மெதுவாகச் செல்வதைக் கண்டால் தாமும் வேகத்தைத் தளர்த்தும் தடுப்பு விதி ஒன்று. உங்கள் நிரலில் இல்லாதது இந்தத் தடுப்புதான். ஒவ்வொருவருக்கும் முன்புறத்தில் ஒரு சிறிய ஆப்பு வடிவப் பரப்பைப் பாருங்கள். அதில் யாராவது இருந்தால், அவருக்கும் இவருக்கும் உள்ள இடைவெளிக்கு ஏற்ப விரும்பும் வேகத்தையே குறைத்துவிடுங்கள். விசை சேர்த்துப் பின்னால் தள்ளுவதற்கும் விருப்பத்தையே குறைப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் இரு விசைகள் இழுபறி நடத்துகின்றன. பின்னதில் அந்த ஆள் நிற்க விரும்புகிறார், ஆகவே நிற்கிறார். கால்தடம் அவர்கள் சொன்ன நிற்றல் நிலைக்கும் அப்போதுதான் தெளிவான தூண்டுதல் கிடைக்கும்.

நடுவில் கோடாக நெருங்குவதற்குக் காரணம், இலக்கு ஒற்றைப் புள்ளியாக இருப்பது. வாசலை ஒரு கோட்டுத்துண்டாகக் கொண்டு, இருமுனைகளிலும் தோள் அகலத்தில் பாதியைக் கழித்துவிட்டு, அந்தத் துண்டில் ஏஜென்ட்டுக்கு மிக அருகில் இருக்கும் புள்ளியை அவருடைய இலக்காக ஒவ்வொரு படியிலும் கணக்கிடுங்கள். இடப்பக்கம் நிற்பவர் இடப்பக்கமாகவே வெளியேறுவார். வாசலைக் கடந்தாரா என்பதையும், புள்ளியை இவ்வளவு நெருங்கினாரா என்று சோதிக்காமல், கோட்டைத் தாண்டினாரா என்று சோதியுங்கள். நெரிசலில் ஓரமாகத் தள்ளப்பட்டு வெளியே வந்துவிட்ட ஒருவர், புள்ளியைத் தொடுவதற்காகத் திரும்ப உள்ளே நுழைய முயல்வது அப்போது நேராது.

---

காலப்படி

வேகக் குறைவுக்கு: 400 பேரில் ஒவ்வொரு இணையையும் சோதித்தால் ஓர் உட்படிக்கு 79,800 இணைகள்; எட்டு உட்படிகளுக்கு ஆறு இலட்சத்துக்கும் மேல். இது ஒரே ஒரு ஃபிரேமுக்கு. தரையைப் பார்வை ஆரத்துக்குச் சமமான பக்கமுள்ள சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொருவரையும் அவரவர் கட்டத்தில் பதிந்துவைத்தால், தம் கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டையும் மட்டும் தேடினால் போதும். பிளெண்டருக்குள்ளேயே எழுதுவதானால் மேத்யூட்டில்ஸ் தொகுப்பில், அருகிலுள்ள புள்ளிகளை விரைவாகத் தேடித் தரும் கேடி-ட்ரீயும் இருக்கிறது. மிக அருகில் உள்ள இத்தனை பேர் என்று அதனிடம் நேரடியாகக் கேட்கலாம். அண்டையர் பட்டியலை ஃபிரேமுக்கு ஒரு முறை எடுத்துக்கொண்டு, உட்படிகளில் விசைகளை மட்டும் புதுப்பித்தாலும் பிழை கண்ணுக்குத் தெரியாது.

எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு அண்டையரைத் தேர்வது பறவைகளிடமும் காணப்படுகிறது என்பது ஒரு சுவையான செய்தி. ரோம் நகரின் வானில் திரளும் ஸ்டார்லிங் பறவைகளை ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு பறவையும் இவ்வளவு தூரத்துக்குள் இருப்பவை என்றில்லாமல், அருகிலுள்ள ஆறு அல்லது ஏழு பறவைகளோடு மட்டுமே இடைவினை கொள்கிறது என்று 2008-இல் வெளியிட்டார்கள். உங்கள் கூட்டத்தில், முன்புறத்தில் உள்ள எட்டுப் பேர் என்று வரம்பிட்டால் நெரிசலிலும் கணக்கு வீங்காது. ஆனால் உடல்கள் ஒன்றுள் ஒன்று புகாமல் தடுக்கும் விதிக்கு மட்டும் இந்த வரம்பை வைக்காதீர்கள்; அது பின்னால் இருப்பவரையும் கணக்கில் கொண்டாக வேண்டும்.

---

கால்தடம்

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். சமவாய்ப்பு எண்களுக்கான தொடக்க விதையை இப்போதே நிலையான ஓர் எண்ணாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறொரு கூட்டம் வந்து நிற்கும். அது நிலையாக இருந்தாலும், இத்தகைய அமைப்பில் ஒருவரை அரை அடி நகர்த்தினாலே சில விநாடிகளில் அனைவரின் பாதையும் மாறிவிடும். இயக்குநர் ஒப்புக்கொண்ட ஓட்டத்தை, ஒவ்வொருவரின் இடம், முகத்திசை, நடைநிலை ஆகியவற்றோடு கோப்பாகச் சேமித்துக்கொண்டு, அதன் பிறகு சிமுலேஷனைத் தொடாதீர்கள். இடது ஓரத்தில் தூணை மறைக்கும் அந்த ஒருவர் வேண்டாம் என்று அவர் கேட்டால், சேமித்த கோப்பிலிருந்து அவரை மட்டும் நீக்கிவிடுங்கள். அவருக்காக மற்றவர்கள் விலகிச் சென்ற இடைவெளி அப்படியே இருக்கும், ஆனால் 400 பேர் நடக்கும் சதுக்கத்தில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.